கொழும்புக்கு எவ்வளவு நேரம்?

எங்க வாகைக்குளம் விமான நிலையத்துல இருந்து சென்னைக்கு நேர்கோட்டுல சுமார் 520 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். உங்கள்ல நிறையப் பேரு அதுல வந்திருப்பீங்க. கொழும்பு ஏறக்குறைய அதுல பாதிதான். கடலைத் தாண்டினா 300 கிலோமீட்டர்கூட வராது. ஆனா இங்க இருந்து நேர் விமானம் கிடையாது. வடக்க சென்னைக்குப் போயி மறுபடி தெக்க பறக்கணும். இல்லன்னா ரோட்டுல மூணு மணி நேரம் மதுரைக்குப் போயி ஏறணும். அங்கயிருந்து பறக்கிறது ஒரு மணி நேரந்தான்.

போன வாரம் கொழும்புல எங்க அத்தை தவறிட்டாங்க. விடியக்காலம் போன் வந்துச்சு, மதியமே எடுக்கிறதாச் சொன்னாங்க. அப்பாவுக்கு 81 வயசு. பாஸ்போர்ட் கையில இருந்துச்சு. மதுரைக்குப் போற நேரம், முன்கூட்டியே போயி நிக்கிற நேரம், அங்க இறங்கி வீடு போய்ச் சேர்ற நேரம்னு கூட்டிப் பாத்தேன். ஆகல. தங்கச்சி முகத்த அப்பா போன்லதான் பாத்தாரு. பொறந்த வீட்டுக் கோடிச் சேலை இங்கேயே கெடக்கு.

“எங்க அய்யா சாயங்காலம் கப்பல் ஏறினா காலையில கொழும்புல இறங்கிருவாரு”ன்னு ராத்திரி முழுக்கச் சொல்லிட்டிருந்தாரு. வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினதே இந்தத் தடத்துக்குத்தான். 2011 ஜூன்ல ஸ்காட்டியா பிரின்ஸ்னு ஒரு கப்பல் விட்டாங்க, சில மாசத்துல நின்னுபோச்சு. 2025 ஜூலையில இங்க புது முனையம் திறந்தாங்க. ஓடுதளம் 1,350 மீட்டர் இருந்தது இப்ப 3,115 மீட்டர். பெரிய விமானமே இறங்கலாமாம். என்னக் கேட்டா, கொழும்புக்குச் சின்ன விமானம் ஒண்ணு போதும்.

பதினாறாம் நாளுக்கு மதுரை வழியா டிக்கெட் போட்டாச்சு. உளுந்து பறிப்ப தம்பி பாத்துக்கிடுவான்.