போடாத ஊசிக்குத் தவணை

ஈட்டிக்காரர் என்றால் யார் என்று இக்காலத்துக் குழந்தைகளைக் கேட்டால் விழிப்பார்கள். நமது பாட்டனார் காலத்தில் சென்னைப் பட்டணத்துக் குமாஸ்தாக்களுக்கு மாதத்தின் முதல் தேதி என்றாலே அவர் ஞாபகந்தான் வரும். வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்த அந்த ஆஜானுபாகுவான மனிதர் தலைப்பாகையும் கைத்தடியுமாக ஆபீஸ் வாசலில் நிற்பார். அல்லது வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் வாங்கிய வட்டி கொடிய வட்டிதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். எதற்காக வாங்கினோம் என்பது வாங்கினவருக்கும் தெரியும். கணக்கில் சண்டை வந்தால் திண்ணையிலேயே அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

இப்போது வருகிற வசூல்காரருக்குத் திண்ணை வேண்டியதில்லை, டெலிபோன் போதும். நம்மைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெயர், ஒரு நம்பர், ஒரு தொகை. அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஸார். எப்போது கட்டுகிறீர்கள்?" என்பார். 2024-ஆம் வருஷத்தில் ஏறக்குறைய நாலு மாத காலம் இத்தகைய மகாநுபாவர்களுடன் பழகும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது.

விஷயம் இதுதான். 2023 செப்டம்பரில் நமது தாயார் குளிக்கும் அறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை நடந்தது. டாக்டரைப் பற்றி நமக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா இன்று கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் நடமாடுகிறார் என்றால் அது அவருடைய கைவண்ணந்தான். வீட்டுக்குப் புறப்படுகிற அன்று, இன்ஷியூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டது போக ரூ. 1,20,000 கட்ட வேண்டும் என்று பில் வந்தது. பில்லைக் கொடுத்த மேஜைக்குப் பக்கத்து மேஜையிலேயே ஒரு பாங்கியின் ஆசாமி புன்னகையுடன் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு தவணை, மாதம் பத்தாயிரம், வட்டி இல்லை. பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. பணம் நமது கைக்கு வரவே இல்லை. பாங்கியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போயிற்று. இந்தச் சங்கதியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று கொடுத்த பில்லில், "மருந்து வகை" என்று ஒரு வரி, "அறை வகை" என்று ஒரு வரி, அவ்வளவுதான். இனம் இனமாகப் பிரித்த பில் கேட்டோம். இரண்டாம் முறை எழுதிக் கேட்டபோது வந்தது. அதில் வலிக்கான ஒரு ஊசி மருந்து பன்னிரண்டு குப்பி, குப்பி ஒன்று ரூ. 2,150 என்று கண்டிருந்தது. அந்த மருந்து தமக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா முதல் நாளே சொல்ல, டாக்டர் அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து எழுதினது நமக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் நமது நினைவை யார் சாட்சியாக ஏற்றுக்கொள்வார்கள்?

இங்கேதான் ஒரு பழைய விதி உதவிக்கு வந்தது. இந்திய மருத்துவக் கவுன்ஸிலின் 2002-ஆம் வருஷத்து ஒழுக்க விதிகளின்படி, நோயாளியோ அவருக்குரியவரோ கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதினோம். 72 மணி நேரம் என்பது பதினெட்டு நாளாயிற்று. ஆனாலும் கட்டு வந்து சேர்ந்தது. நர்ஸுகள் நேரம் குறித்து எழுதிக் கையெழுத்திட்ட தாள்களை நாமும் நமது பெண்ணும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பில்லுடன் ஒத்துப் பார்த்தோம். எழுதினவர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த ஊசி ஒரு தடவைகூடப் போடப்படவில்லை என்பதும், பன்னிரண்டு குப்பிகளும் மருந்துக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டன என்பதும் அழகான கையெழுத்தில் இருந்தன. தீவிர சிகிச்சை அறைக்கு நாள் ஒன்றுக்கு ரூ. 9,000 வீதம் நாலு நாள் பில். தாளிலோ இரண்டு இரவுதான். ஊசிக்கு 25,800, அறைக்கு 18,000. ஆகமொத்தம் ரூ. 43,800.

ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினோம். "பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில் வந்தது. பரிசீலனை மாதக்கணக்கில் இருந்துகொண்டே இருந்தது. இதற்கிடையில் தவணையைத் தவறாமல் கட்டி வந்தோம். எட்டுத் தவணை, ரூ. 80,000 கட்டியானதும் நிறுத்தினோம். தகராறில்லாத பாகம் ரூ. 76,200 தான், அதற்கு மேலும் 3,800 கட்டியாகிவிட்டது. நிறுத்துவதற்கு முன்பே பாங்கிக்குக் காரணத்தை எழுதி, தாள்களின் நகலையும் இணைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். (அந்த ரிஜிஸ்தர் தபாலையும் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டுடன் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பழைய ஒப்புகைச் சீட்டின் பேரில் நமக்கு இன்னும் ஒரு வாஞ்சை உண்டு.) மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் உத்தரவையும் முறைப்படி ரத்து செய்து, அதற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொண்டோம். இது முக்கியம். செக் பணமில்லாமல் திரும்பினால் குற்றவியல் சட்டத்தில் இடம் உண்டு. தானியங்கி உத்தரவு பணமின்றித் திரும்பினாலும் ஏறக்குறைய அப்படியே.

பாங்கியின் பதில் சுருக்கமானது: "ஆஸ்பத்திரித் தகராறு உங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும். கடன் உங்களுக்கும் எங்களுக்கும்." இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். பணம் கொடுத்தவன் திருப்பிக் கேட்கிறான். ஆனால் அந்தப் பக்கத்து மேஜையை அங்கே போட்டது யார்? பில்லும் கடனும் ஒரே மூச்சில் பிறந்த இரட்டைக் குழந்தைகள். சச்சரவு என்று வந்ததும் ஒன்றுக்கொன்று முன்பின் அறியாதவை போல் நின்றன.

நிற்க. ஜூன் மாதம் டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒரு பெண்ணின் குரல். மிகவும் மரியாதையான குரல். ஒரு வாரத்தில் அது மறைந்து ஒரு கம்பீரமான ஆண்குரல் வந்தது. "கோர்ட்டிலிருந்து பேசுகிறோம்" என்றது. எந்தக் கோர்ட்டு, என்ன நம்பர் கேஸு என்று கேட்டதும் லைன் அறுந்தது. பிறகு ஒருவர், "நாளைக்குப் போலீஸ் வரும்" என்றார். பாங்கிக் கடனைக் கட்டாதது ஸிவில் விவகாரம். அதற்காகப் போலீஸார் வந்து கைது செய்வதில்லை. கோர்ட்டு டிக்ரி ஆன பிறகுங்கூட, வெறும் ஏழ்மைக்காக ஒருவனைச் சிறையில் அடைப்பது நியாயமாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1980-இலேயே சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர், "நீங்கள் வக்கீலா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "பின்னே ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?" என்றார்.

இவையெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் ஜூலையில் அவர்கள் கும்பகோணத்தில் இருக்கும் நமது மாமாவுக்குப் போன் செய்துவிட்டார்கள். அவர் நம்பர் எப்படிக் கிடைத்ததென்றால், கடன் மனுவில் "தெரிந்தவர் ஒருவர்" என்ற இடத்தில் எழுதியிருந்தோம். மாமா பதறிப் போய் அம்மாவைக் கூப்பிட்டு, "என்ன அக்கா, ஏதோ கடன் தொல்லையாமே? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார்.

அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. மறு நாள் காலையில் இரண்டு கை வளையல்களையும் கழற்றிப் பூஜை அலமாரிக்கு முன்னால் வைத்திருந்தார். "இதை விற்று அந்தப் பணத்தைக் கட்டித் தொலைத்துவிடு" என்றார்.

"போடாத ஊசிக்கா அம்மா வளையலை விற்பது?"

"ஊசி போட்டார்களா இல்லையா என்பது தெருவுக்குத் தெரியுமா? வாசலில் ஆள் வந்து நிற்பதுதான் தெரியும். என் உடம்புக்கு வந்த வினையால் இந்த வீட்டுப் பெயர் கெட வேண்டாம்."

வசூல்காரருடைய மூலதனம் என்ன என்பது அப்போதுதான் நமக்குத் தெளிவாக விளங்கிற்று. பாங்கியின் பத்திரமும் கோர்ட்டின் பெயரும் ஒப்புக்குத்தான். நமது குடும்பங்களில் கண்ணியமாகப் பிழைத்த வயதானவர்களின் மனத்தில் இருக்கும் கூச்சம் இருக்கிறதே, அதை நம்பித்தான் அவர் வியாபாரம் நடக்கிறது. கணக்குச் சரியா தப்பா என்று கேட்பதற்கு முன்னாலேயே, கேட்பதே மானக்கேடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1917-இல் காந்தியடிகள் சம்பாரணுக்குப் போனபோது குடியானவர்களை வரிசையாக உட்கார வைத்து, அவரவர் குறையை ஆதாரத்துடன் வாக்குமூலமாக எழுதி வாங்கச் செய்தார் அல்லவா? அவுரித் தோட்டக்காரர்களின் கணக்கு அந்தக் காகிதங்களுக்கு முன்னால்தான் ஆட்டங்கண்டது. அம்மாவிடம் இதைச் சொன்னோம். அம்மா, "காந்தி வீட்டு வாசலில் யாரும் தவணை கேட்டு நிற்கவில்லை" என்றார். வளையல்களை மட்டும் அலமாரிக்குள் வைக்கச் சம்மதித்தார்.

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். அழைப்பு வந்த தேதி, நேரம், நம்பர், பேசினவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தை. "எழுதிக்கொள்கிறோம், மெதுவாகச் சொல்லுங்கள்" என்று சொன்னதுமே பாதிப் பேருக்குச் சுருதி இறங்கிப் போயிற்று.

ஆகஸ்டில் ஒரு நாள் இரவு எட்டேகால் மணிக்கு ஒரு பையன் வாசலுக்கே வந்தான். இருபத்துநாலு வயதிருக்கலாம். நாம் ரிஸர்வ் பாங்கியின் 12-8-2022 தேதியிட்ட சுற்றறிக்கையைப் படித்து வைத்திருந்தோம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடலாகாது, பலர் முன் அவமானப்படுத்தலாகாது, குடும்பத்தாரையும் சிநேகிதர்களையும் தொந்தரவு செய்யலாகாது, ஏஜெண்டு செய்வதற்குப் பாங்கியே பொறுப்பு என்றெல்லாம் அதில் இருக்கிறது. சண்டைக்குத் தயாராகத்தான் வாசலுக்குப் போனோம். அதற்குள் அம்மா கைப்பிடிச் சட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்து, "உட்காரப்பா. நின்றுகொண்டே என்ன பேச்சு?" என்று சொல்லி ஒரு டம்ளர் மோரையும் கொடுக்கச் செய்துவிட்டார்.

பையன் திண்டிவனத்துப் பக்கம். பி.காம். படித்தவன். வசூலான தொகையில் இத்தனை சதவிகிதம் என்றுதான் சம்பளமாம். அதிகாரக் கடிதம் எங்கே என்று கேட்டோம்; டெலிபோனில் ஒரு படத்தைக் காட்டினான். தகராறைப் பற்றி உனக்குச் சொன்னார்களா என்று கேட்டோம். அவனுடைய தாளைக் காட்டினான். பெயர், விலாசம், ரூ. 40,000, அபராதம். வேறொன்றும் இல்லை. பாங்கிக்கு நாம் அனுப்பிய பதினேழு பக்கக் கடிதக் கட்டில் ஒரு எழுத்துக்கூட அந்தப் பையன் வரைக்கும் வந்து சேரவில்லை. "பாட்டிக்கு ஆபரேஷன் என்றுகூட எனக்குத் தெரியாது, ஸார்" என்றான். அவனை வைது என்ன பயன்?

ஆனால் அவனை அனுப்பினவர்களை விடுவதாக இல்லை. பாங்கிகளுக்கு ரிஸர்வ் பாங்கி 24-4-2008-இல் அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று அப்போது அமலில் இருந்தது. கடன்காரர் கொடுத்த புகாரை முடிவாகத் தீர்க்கும் வரையில் அந்தக் கடனை வசூல் ஏஜென்ஸியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது அதில் ஒரு வரி. வீண் புகார் என்பதற்குத் தக்க அத்தாட்சி இருந்தாலன்றி. நாம் தேடிக்கொண்டிருந்த வரி இதுவே. நோட்டுப் புத்தகத்தின் நகலையும், மாமாவுக்குப் போன் வந்த விவரத்தையும், எட்டேகால் மணியையும் சேர்த்துப் பாங்கியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதினோம். முப்பது நாளில் தக்க பதில் இல்லாவிட்டால், 2021-இல் ஏற்பட்ட திட்டப்படி ரிஸர்வ் பாங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் போவோம் என்றும் தெரிவித்தோம். அங்கே கட்டணம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கும் ஒரு கடிதம் போயிற்று. பணம் பெற்றுக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-இல் தீர்ப்புச் செய்திருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லக்ஷம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதிக்கலாம். இந்த நாலு வரியுடன் நர்ஸின் தாளையும் இணைத்திருந்தோம். பரிசீலனை பதினோரு நாளில் முடிந்துவிட்டது!

ஊசிக்கான ரூ. 25,800 முழுவதையும், ஒரு நாள் அறை வாடகை 9,000-த்தையும் பாங்கிக்கே திருப்பி அனுப்புவதாக ஆஸ்பத்திரியார் ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு நாள் வாடகை மட்டும் அவர்கள் விதிப்படி சரி என்றார்கள்: காலை 10 மணி தாண்டினால் முழு நாளாம், அம்மாவை அறை மாற்றியது 11 மணிக்கு. அந்த விதி எங்கும் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. இது அநியாயம் என்பதே நமது இன்றைய அபிப்பிராயமும். ஆனாலும் அந்த 9,000-த்துக்காக இன்னொரு வருஷம் அம்மாவின் தூக்கத்தைச் செலவிட மனம் வரவில்லை. மீதி ரூ. 5,200-ஐக் கட்டி, அபராதம் நீங்கலாகக் கணக்குத் தீர்ந்தது என்று பாங்கியிடம் கடிதம் வாங்கினோம்.

ஒரு பாக்கி இருந்தது. நமது பெண்ணின் மேற்படிப்புக் கடனுக்கு நாமும் கையெழுத்திட வேண்டும். சிபில் குறிப்பிலோ நமது பெயருக்கு எதிரே "தவணை பாக்கி" என்ற கறை. அதைத் திருத்தக் கோரி எழுதினோம். முப்பது நாளுக்குள் திருத்தாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் நஷ்ட ஈடு என்ற ரிஸர்வ் பாங்கி விதி 2024 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்திருந்தது. இருபத்தெட்டாம் நாள் திருத்திவிட்டார்கள். தினம் நூறு ரூபாய் வரும் என்று மனக்கோட்டை கட்டியிருந்த நமது பெண்ணுக்குத்தான் சிறிது ஏமாற்றம்.

இதற்கெல்லாம் பிறகு நவம்பரில் ஒரு புதிய குரல் வேறு ஏதோ ஊரிலிருந்து கூப்பிட்டு ரூ. 40,000 எப்போது கட்டுகிறீர்கள் என்று கேட்டது. அம்மாதான் டெலிபோனை எடுத்தார். பாங்கிக் கடிதத்தின் நம்பரையும் தேதியையும் நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டு, "எழுதிக்கொண்டாயா, தம்பி? இப்போது உன் பெயரைச் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.