யாழினியா, யாளினியா?

சென்ற ஆவணியில் என் அக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான்; இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கிறேன். ஆகவே, "பேரை நீயே பாத்து வையி. எழுத்தெல்லாம் நீதான் சரியாப் போடணும்" என்று அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எழுத்தைப் பற்றி அக்காள் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் பெயர் பூங்கொடி. ஆங்கிலத்தில் எழுதும்போது பள்ளிப் பதிவேட்டில் நடுவே 'கே' போட்டார்கள். ஆதார் அட்டையில் 'ஜி' விழுந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. தமிழுக்கு ஒரே ககரம்தான். ஙகரத்தை அடுத்து வந்தால் அது தானாக மென்மையாகிவிடும். ஆங்கிலத்துக்கு அந்த இங்கிதம் தெரியாதே! நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, இரண்டு பெயரும் ஒட்டவில்லை என்று உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்தது. அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு அலைந்தார். நாங்கள் சோதனைக்கூடத்தில் சோடியத்துக்கு 'என் ஏ' என்று குறியீடு எழுதுகிறோம். பெயருக்கும் குறியீட்டுக்கும் ஒட்டே இல்லை. ஆனாலும் உலகமெங்கும் அதுவே என்பதால் ஒருவருக்கும் குழப்பமில்லை. மனிதர் பெயருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் தேர்ந்தெடுத்த பெயர் யாழினி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரில் எனக்கிருந்த ஆசை முழுவதும் ழகரத்தின் மேல்தான். எங்கள் பக்கத்தில் பழம் 'பளம்', மழை 'மளை'. முதலாண்டுத் தமிழ் வகுப்பில் எழுந்து நின்று 'தமிள்' என்று நான் படித்தபோது எழுந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. விடுதி அறையில் கண்ணாடி முன் நின்று, நாக்கை மேலே வளைத்து, அண்ணத்தில் ஒட்டாமல் நிறுத்தி, ஒரு மாதம் பழகினேன். அப்படிச் சம்பாதித்த எழுத்தை அக்காள் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க நினைத்தேன்.

அப்பத்தா பெயரைக் கேட்டதும் முகம் சுளித்தாள். "யாளினியா? கோயில் தூணுல வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குமே, அந்த யாளியாடி?"

நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். நாக்கை மடக்கச் சொன்னேன். பாதிப் பல் போன வாயில் காற்றுதான் வந்தது. மூன்றாம் நாள், "என் பேத்தி மகளை நான் கூப்பிட முடியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் இடத்தில் இப்போது நான் நிற்கிறேனோ?

"வேறு பெயர் பார்ப்போம்" என்று அக்காளிடம் சொன்னேன். அவள் பத்தாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள்; அந்தக் கூலியில்தான் நான் பிளஸ் டூ முடித்தேன். அவளோ அசையவில்லை. "நல்ல பேருடி, மாத்தாதே. அப்பத்தா யாளினின்னே கூப்பிடட்டும். புள்ள ரெண்டுக்கும் திரும்பிப் பாக்கும்."

ஒலிப்புக்குத் தீர்வு கிடைத்தது, ஆங்கில எழுத்துக்கு? அத்தானுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. "இசட் ஹெச் போட்டால் எங்கள் வடநாட்டு சூப்பர்வைசர் யாஜினி என்பான். நம் தமிழுக்கே ஆங்கிலத்தில் 'எல்'தானே போடுகிறோம், இவளுக்கு மட்டும் என்ன?" என்றார். இதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. கோழிக்கோட்டையும் ஆலப்புழையையும் காட்டிச் சமாளித்தேன். எண்கணிதக்காரர் ஒருவர் 'ஏ' இரண்டு போட்டால் யோகம் என்றாராம். அதை நான் ஒப்பவில்லை. 2020 ஜூனில் நம் அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி வெளியிட்டது நினைவிருக்கிறதா? உச்சரிப்புக்கு ஒத்துப் போகட்டும் என்று வேலூருக்கு 'ஈ' இரண்டு போட, ஆங்கிலம் படித்தவர் வாயில் அது 'வீலூர்' ஆயிற்று. சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். எழுத்தைக் கூட்டினால் ஒலி வந்துவிடும் என்பதில்லை.

பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை. சென்ற மாதம் நானும் அப்பாவும் போனோம். ஒரு தாளில் ஒய், ஏ, இசட், ஹெச், ஐ, என், ஐ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டு போயிருந்தேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். அப்பா, "சரியா இருக்கா? சரியா இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.

குழந்தைக்கு இப்போது ஏழு மாதம். அப்பத்தா திண்ணையிலிருந்து "யாளினீ" என்றால் தலையைத் திருப்பிச் சிரிக்கிறாள். நான் விடுதியிலிருந்து சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்குப் போகிறேன். சுத்தமான ழகரத்தோடு நான் கூப்பிட்டால் இன்னும் திரும்புவதில்லை.