நடக்காத போட்டி

மற்போரைப் பற்றித் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் கட்டுரை வரைவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். அதுவும் ஜப்பானியரின் தொழில்முறை மற்போர். வெற்றி யாருக்கு என்பதை முன்னரே பேசி வைத்துக்கொண்டு மேடையேறுகிற ஆட்டம் அது என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் என் பணிக்காலத்தில் நான் செய்த பிழையொன்றை எனக்கு எடுத்துக்காட்டியது அந்த ஆட்டமே. ஆதலின் எழுதத் துணிகிறேன்.

1975 ஜூலை முதல் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலி, ஜோ பக்னரோடு குத்துச்சண்டையில் மோதினார். எங்கள் தோட்டத்து மன்றத்தில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அன்று ஊரே கூடியது. ஏழு வயதுச் சிறுவனான நான் அப்பாவின் தோளில் அமர்ந்து அதனைக் கண்டேன். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அலி ஒரு குலதெய்வம் போலானார். மறு ஆண்டு ஜூன் 26ஆம் நாள், தோக்கியோவின் நிப்பொன் புடோக்கான் அரங்கில் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியோடு அலி மோதினார். பதினைந்து சுற்றுகளில் பெரும்பகுதியும் இனோக்கி தரையில் படுத்தவாறே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. நாளிதழில் அச்செய்தியைப் படித்த அப்பா, "படுத்துக்கிட்டே உதைச்சானாம்! இதெல்லாம் ஒரு சண்டையா?" என்று தாளை வீசி எறிந்தார். எனக்கோ, அலியையே திகைக்க வைத்த அந்த மனிதர் யார் என்பதை அறியும் ஆவல் பிறந்தது.

அப்பாவின் தலைமுறைக்கு மற்போர் என்றால் தாராசிங்கும் கிங்காங்கும்தான். சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த அதே கிங்காங், 1955இல் ஜப்பானுக்குச் சென்று ரிக்கிடோசானோடு மோதித் தோற்றார் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். ரிக்கிடோசானே ஜப்பானியத் தொழில்முறை மற்போரின் தந்தை. கொரியாவில் பிறந்து, சுமோ மல்லராக வளர்ந்து, அத்துறையை விட்டு விலகியவர். 1954 பிப்ரவரியில் அவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களை எதிர்த்தபோது, தெருமுனைகளில் வைக்கப்பட்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் மக்கள் வெள்ளம் திரண்டது. போரில் தோற்றுத் தலைகுனிந்திருந்த நாடு, தன் மல்லர் வெளிநாட்டாரை வீழ்த்துவதைக் கண்டு நிமிர்ந்தது. அந்த வீரர் கொரியர் என்பது அன்றைய மக்களுக்குச் சொல்லப்படவில்லை. 1963 டிசம்பரில் ஒரு கேளிக்கை விடுதியில் கத்திக்குத்துக்கு ஆளாகி, ஒரு வாரத்தில் மாண்டார்.

அவர் விட்டுச்சென்ற மாணவர் இருவர். ஒருவர் ஷோஹெய் பாபா. பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவராக இருந்தவர். ஏறத்தாழ 209 சென்டிமீட்டர் உயரமானவர். 'ஜயன்ட் பாபா' எனப் பெயர் பெற்றவர். மற்றவர் இனோக்கி. பதின்ம வயதில் குடும்பத்தோடு பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து காப்பித் தோட்டத்தில் உழைத்தவர். தோட்டத்துப் பிள்ளை என்பதாலேயே அவர்மீது எனக்குத் தனிப் பற்று. இருவரும் 1960 செப்டம்பர் 30 அன்று, ஒரே நாளில், ஒரே அரங்கில் மேடையேறினர். பாபா வென்றார், இனோக்கி தோற்றார். ஆசிரியரும் அவர்களை ஒரே கண்ணால் நோக்கவில்லை. பாபாவை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார். இனோக்கியைத் தம் பணியாளாக உடன் வைத்துக்கொண்டு கடுமையாக நடத்தினார். தொடக்க ஆண்டுகளில் இருவரும் 16 முறை நேருக்கு நேர் மோதினர். 16 முறையும் பாபாவே வென்றார். வகுப்பறையில் ஒரு மாணவனைத் தட்டிக்கொடுத்து மற்றொருவனை வெருட்டும் ஆசிரியர், எத்தனை ஆண்டுப் பகைக்கு வித்திடுகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் என் அறைத்தோழர் பாபாவின் பக்கம். வார இறுதியில் பட்டணத்துக் கடையில் ஒளிநாடாக்களை வாடகைக்கு எடுத்து வருவோம். "உன் ஆளு வாய்ச்சொல் வீரன்" என்பார் அவர். "உன் ஆளு நடக்கிற பனைமரம்" என்பேன் நான். விடுதிக் காப்பாளர் விளக்கை அணைத்த பின்னும் வாதம் ஓயாது. பாடத்திட்டம் எழுதுவதிலும் நாங்கள் அப்படியே. மதிப்பெண்ணில் அவர் ஒன்று கூடினால் அடுத்த தேர்வில் நான் ஒன்று கூடுவேன்.

பாபாவும் இனோக்கியும் சில ஆண்டுகள் இணையாக நின்று ஆடினர். 1971 இறுதியில், நிர்வாகத்தைக் கைப்பற்ற முயன்றார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் இனோக்கி சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். 1972இல் அவர் 'நியூ ஜப்பான்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு பாபாவும் வெளியேறி 'ஆல் ஜப்பான்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் வளர்ந்த பழைய சங்கம் 1973இல் மூடப்பட்டது. அதன்பின் ஒருவர் மல்லர்களை மற்றவர் கவர்ந்து இழுப்பதும், ஒருவரை ஒருவர் விஞ்ச முயல்வதுமாகக் காலம் சென்றது. 1974இல் பாபா, அமெரிக்கர் வசமிருந்த என்.டபிள்யூ.ஏ. உலகப் பட்டத்தை வென்ற முதல் ஜப்பானியரானார். இனோக்கி அலியை அழைத்து வந்தார். இவர் ஒன்று செய்தால் அவர் ஒன்று செய்தார். இரு நிறுவனங்களும் செழித்ததற்கு அப்பகையே உரமாக இருந்தது.

ஆனால் நாடே எதிர்பார்த்த அந்த ஒரு போட்டி மட்டும் நடக்கவே இல்லை. இனோக்கி பலமுறை அறைகூவினார், பாபா இசையவில்லை. 1979 ஆகஸ்டு 26 அன்று, ஒரு விளையாட்டு நாளிதழின் முயற்சியால், இருவரும் ஒரே மேடையில் ஏறினர். ஆனால் எதிரெதிராக அன்று, ஒரே அணியில். அவர்களை எதிர்த்தவர்கள் அப்துல்லா தி புட்சரும், பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங்கும் ஆவர். பாபாவும் இனோக்கியும் வென்றனர். அடுத்த முறை நாம் எதிரெதிராக நிற்போம் என்னும் கருத்துப்பட இனோக்கி ஒலிவாங்கியில் அழைப்பு விடுத்தார். அரங்கம் அதிர்ந்தது. அந்த அடுத்த முறை வரவே இல்லை.

ஏன் வரவில்லை? தொலைக்காட்சி நிலையங்களின் ஒப்பந்தங்கள் ஒரு காரணம். ஆனால் அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று நான் எண்ணுகிறேன். மெய்யான போட்டியாக இருந்திருப்பின் இருவரும் துணிந்து இறங்கியிருக்கலாம். வலியவன் வெல்வான், மற்றவன் தலைவிதியை நொந்துகொள்வான். இதுவோ கூத்தைப் போன்றது. பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவன், இரவு முடிவதற்குள் தான் வீழ்த்தப்படுவான் என்பதை அறிந்தே முகத்தில் அரிதாரம் பூசுகிறான். வீழ ஒருவன் இசைந்தால்தான் கூத்து நடக்கும். பாபாவும் இசையவில்லை, இனோக்கியும் இசையவில்லை. இருவரும் தோற்கவில்லை, பார்க்க வந்தவர்களே தோற்றார்கள்.

இதனை எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது. ஏனெனில் அடுத்துச் சொல்ல வேண்டியது என் கதை.

என் தோழரும் நானும் காலப்போக்கில் ஒரே மாவட்டத்தில், அருகருகே இருந்த இரு தோட்டப் பள்ளிகளுக்குத் தலைமையாசிரியர்கள் ஆனோம். அரசுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், என் பள்ளியின் முடிவைப் பார்க்குமுன் அவர் பள்ளியின் முடிவைக் கேட்டறிவேன். அவரும் அவ்வாறே செய்வார் என்பது எனக்குத் தெரியும். அதனால் பிள்ளைகளுக்கு நன்மையும் விளைந்தது. அவர் மாலை வகுப்பு வைத்தால் நான் காலை வகுப்பும் வைத்தேன். ஆனால் தோட்டத்து மக்கள் பட்டணம் நோக்கிப் பெயரப் பெயர, இரு பள்ளிகளும் சுருங்கின. 2011இல் என் பள்ளியில் 46 பிள்ளைகள். அவர் பள்ளியில் 38. இல்ல விளையாட்டுப் போட்டி நடத்த நான்கு இல்லங்களாகப் பிரித்தால், அஞ்சலோட்டத்திற்கு ஓட ஆளில்லை.

இரு பள்ளிகளும் இணைந்து ஒரே விளையாட்டுப் போட்டியை நடத்தலாம் என்று பெற்றோர் கூறினர். இருவரும் உடனே ஒப்பினோம். எந்தத் திடலில் என்ற வினா எழுந்தது. என் திடல் பெரிது என்றேன் நான். தம் திடலில்தான் ஓடுதளம் ஒழுங்காக இருக்கிறது என்றார் அவர். ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று ஒருவர் சொன்னார். முதலாண்டு எங்கே என்பதில் மீண்டும் முட்டிக்கொண்டோம். முதலில் செல்பவனே இறங்கிப் போனவன் ஆவான் என்று இருவரும் உள்ளூர நினைத்தோம். மூன்று கூட்டங்கள் நடந்தன. தேநீர் குடித்துக் கலைந்தோம். போட்டி நடக்கவில்லை. அவ்வாண்டு ஆறாம் ஆண்டில் இருந்த ஒரு பையன், காலணி இல்லாமலே காற்றாய் ஓடுவான். தன்னோடு ஈடுகொடுத்து ஓட ஒருவனும் இல்லாமலே தொடக்கப்பள்ளியை முடித்துச் சென்றான். தோழரும் நானும் அதன்பின் கூட்டங்களில் வணக்கம் சொல்லிக்கொள்வதோடு நின்றோம். 2018இல் அவர் உடல்நலம் குன்றி, பணியிலிருந்து விலகி, வேறு மாநிலத்தில் மகள் வீட்டிற்குப் போய்விட்டார். அவர் போன பிறகு தேர்வு முடிவு வந்த நாளில், முதலில் யாருடைய முடிவைக் கேட்பது என்று தெரியாமல் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

பாபா மேடையை விட்டு இறங்கவே இல்லை. 1998 டிசம்பர் வரை ஆடி, 1999 ஜனவரி 31 அன்று மறைந்தார். இனோக்கி 1998 ஏப்ரலில் தோக்கியோ டோமில், அலியே நேரில் வந்திருக்க, விடைபெற்றார். 2022 அக்டோபர் முதல் நாள் அவரும் மறைந்தார். அச்செய்தியைக் கண்டதும், பல்லாண்டுகளுக்குப் பின் தோழரின் எண்ணை அழுத்தினேன்.

"என்னப்பா, உன் ஆளு போயிட்டாரே" என்றார் அவர், வணக்கம்கூடச் சொல்லாமல். என் துயரத்தை அவரே முதலில் கேட்டது என் தொண்டையை அடைத்தது. சற்று நேரம் பழைய ஒளிநாடாக்களைப் பற்றிப் பேசினோம். பிறகு அவர், "பாபா ஒரு தடவை விட்டுக்கொடுத்திருந்தா, உன் ஆளு அடுத்த தடவை விட்டுக்கொடுத்திருப்பாரு, இல்லே?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் காலணி போடாத பையன், இப்போ வேலைக்குப் போயிருப்பான்" என்றார் மேலும். அவர் அவனை நினைவில் வைத்திருந்தார். அவன் என் பள்ளி மாணவன்.

அவ்விரு மல்லரின் வரலாற்றில் நான் முன்பு கவனியாது விட்ட ஒரு செய்தி உண்டு. சுமோவிலிருந்து வந்த கெனிச்சிரோ தென்ரியு என்பவர், 1989 நவம்பரில் இணையர் ஆட்டமொன்றில் பாபாவின் தோள்களைத் தரையில் பதித்து வென்றார்; 1994 ஜனவரி 4 அன்று இனோக்கியையும் அவ்வாறே வென்றார். இருவரையும் அங்ஙனம் வீழ்த்திய ஜப்பானியர் அவர் ஒருவரே. ஒருவருக்கொருவர் கொடுக்க மறுத்த தோல்வியை, இருவரும் இளையவர் ஒருவருக்கு மனமுவந்து கொடுத்தனர். பாபாவின் தலைமாணாக்கரான ஜம்போ சுருத்தாவும் 1990 ஜூன் 8 அன்று, இருபத்தேழு வயது மித்சுஹாரு மிசாவாவுக்குத் தோற்று, புதிய காலத்திற்குக் கதவைத் திறந்தார். தென்ரியுவோ 2015 நவம்பரில், அறுபத்தைந்து வயதில், தம் கடைசி ஆட்டத்தைத் தம்மினும் முப்பத்தேழு வயது இளைய கசுச்சிக்கா ஒகாடாவிடம் தோற்றுவிட்டு விடைபெற்றார். அந்த ஒகாடாவும் 2024இல் நியூ ஜப்பானை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டார். காலம் யாரிடமும் தங்குவதில்லை. ஆனால் கைமாறிய ஒவ்வொரு முறையும், மூத்தவர் ஒருவர் தரையில் கிடந்து மூன்று எண்ணும்வரை எழாதிருந்தார்.

தோழர் தலைமை வகித்த பள்ளிக்கு இப்போது தலைமையாசிரியை, ஒரு காலத்தில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த பெண். 2023இல் நானே அவரை அழைத்து, "இந்த ஆண்டு விளையாட்டுப் போட்டியை உங்கள் திடலில் வைத்துக்கொள்வோம், அம்மா" என்றேன். "சார், மூத்தவர் நீங்கள், உங்கள் திடலில்தானே முறை?" என்றார். "ஓடுதளம் உங்களிடம்தான் ஒழுங்காக இருக்கிறது" என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய சொற்கள் அவை.

அன்று என் பள்ளி நான்கு புள்ளிகளில் தோற்றது. கிண்ணத்தை எடுத்து வழங்கும்படி என்னையே அழைத்தார்கள். திரும்பி வரும் வழியில் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த சிறுவன், "சார், அடுத்த வருசமும் அங்கேதானா?" என்று கேட்டான். தோற்றுவிட்டோமே என்ற வருத்தம் அவன் குரலில் இல்லை. மீண்டும் ஓட வேண்டும் என்ற துடிப்பே இருந்தது.

வீட்டை அடைந்ததும் தோழருக்குத் தொலைபேசியில் முடிவைச் சொன்னேன். "எத்தனை புள்ளி?" என்றுதான் முதலில் கேட்டார்.