ஒரு சொட்டு எண்ணெய்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

உராய்வு ஒரு தேவையான தீமை என்று பள்ளியில் எழுதாத அறிவியல் மாணவர் நம்மில் எவரும் இரார். நானும் எழுதினேன். உராய்வைக் குறைக்கும் வழி யாது என்ற வினாவிற்கு மசகெண்ணெய் இடுதல் என்று எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றேன். அந்த விடையில் பாதியைத்தான் நான் கற்றிருந்தேன் என்பதைக் கொல்லிமலைச் சாலை எனக்குக் கற்பித்தது.

என் தந்தையார் அன்னாசிப்பழ வியாபாரி. விடியுமுன் சேந்தமங்கலத்திலிருந்து புறப்பட்டு, காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சோளக்காட்டுச் சந்தையில் பழம் எடுத்து, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார். பழைய மோட்டார் சைக்கிள்தான் அவருக்கு எல்லாம். அதன் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். பின் சக்கரத்தில் டிரம் பிரேக்.

ஒருநாள் மாலை, "கண்ணு, முன் பிரேக்கு கீச்சு கீச்சுன்னு கத்துது, என்னன்னு பாரு" என்றார். எங்கள் வீட்டில் விளங்காத எதுவும் என்னிடம்தான் வரும். எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. மின் கட்டணச் சீட்டு முதல் மருந்துச் சீட்டு வரை நானே நீதிபதி! சத்தம் உராய்வால் வருகிறது. உராய்வைக் குறைக்க எண்ணெய். டிஸ்க்கும் பேடும் சேரும் இடத்தில் இன்ஜின் ஆயிலை இரண்டு சொட்டு விட்டேன். சத்தம் நின்றது. "படிச்ச புள்ளை கை வச்சாச் செரியாப் போச்சு" என்று அவர் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன்.

மறுநாள் மலையேறும்போது பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. இறங்கும்போதோ பின்னால் 70 கிலோ பழம். கைப் பிரேக் பிடிக்கவில்லை என்று உணர்ந்தவர் கால் பிரேக்கையே நம்பி இறங்கியிருக்கிறார். வளைவுக்கு வளைவு மிதித்ததில் டிரம் சூடேறி, அதுவும் கைவிட்டது. பாதி மலையில் ஒரு வளைவில், பள்ளத்தின் பக்கம் போகாமல், வண்டியை மலைச்சுவர்ப் பக்கம் சாய்த்து விழுந்தார். முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. பழங்கள் சாலையெங்கும் உருண்டன. வீட்டில் அவர் சொன்னது, "வண்டி சறுக்கிருச்சு" என்பது மட்டுமே.

பட்டறையில் மெக்கானிக் பேடைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "யாருங்க இதுல எண்ணெய் விட்டது?" என்றார். நான் வாய் திறக்குமுன் தந்தையார், "நான்தானுங்க, தெரியாம விட்டுட்டேன்" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

நண்பர்களே! அந்த மௌனம் என்னை உறங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியே பட்டறைக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "உக்காரு தம்பி" என்று ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். அன்று நான் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பேட் என்பது இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள். அது தேயத்தான் செய்யப்பட்டது. அதன் நடுவில் உள்ள பள்ளக்கோடு மறையும் முன்பே மாற்றிவிட வேண்டும். 1 மில்லிமீட்டர் கனமே மிஞ்சும்வரை ஓட்டுவது ஆபத்து. எங்கள் பேடில் அந்தக் கோடே இல்லை. தூசி படிந்தாலும் மேற்பரப்பு மினுமினுப்பாகிவிட்டாலும் சத்தம் வரும். எங்கள் வண்டி கத்தியது தேய்ந்துபோனதால். உதவிக்கு அழைத்த குரலின் வாயை நான் எண்ணெய் ஊற்றி அடைத்திருக்கிறேன்! எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாளால் தேய்த்தாலும் நம்ப முடியாது. இரண்டையும் மாற்றி, டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைப்பதே வழி.

உதவித்தொகைப் பணத்தை எடுத்துச் சென்றிருந்தேன். இருப்பதிலேயே விலை உயர்ந்த பேடைப் போடுங்கள் என்றேன். உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்யும் சின்டர்டு பேட், சூட்டிலும் மழையிலும் நன்றாகப் பிடிக்குமென்று அறிந்திருந்தேன். "வெலை ஒசந்ததெல்லாம் ஒத்து வராது தம்பி; உன் வண்டி டிஸ்க்கை அது தின்னுரும்" என்றார். வண்டிக்கு உரிய பேடையே போட்டு, மீதிப் பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றினார். மேம்படுத்துவது வேறு, விலை கூட்டுவது வேறு என்பது விளங்கியது.

பெயர்தான் ஆயில், அது எண்ணெய் அன்று. டாட் 4 வகைத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியசில் கொதிக்க வேண்டிய அது, ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், கைப்பிடி தொளதொளத்துவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

புதுப் பேட் போட்டதும் கைப்பிடியைப் பலமுறை அழுத்தி, அது இறுகிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். இல்லையேல் முதல் பிடியில் பிரேக் இராது. முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாகப் பிடித்துப் பழக்க வேண்டும். டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதக்கூடாது. அது நுரையீரலுக்குப் பகை.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். வண்டி, தந்தையார், சுமை எல்லாம் சேர்த்து 250 கிலோ. இறங்கும் உயரம் ஆயிரம் மீட்டர் என்று கொண்டால் நிலை ஆற்றல் ஏறத்தாழ 25 லட்சம் ஜூல். ஏழு லிட்டர்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம்! இதில் பெரும்பகுதியை, உள்ளங்கையில் அடங்கும் இரண்டு பேடும் பின்னாலுள்ள ஷூவும் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. குறைந்த கியரில் இறங்கினால் இன்ஜினும் அந்தப் பாரத்தைப் பகிரும். தேர்வுத்தாளில் எத்தனையோ முறை எழுதிய சூத்திரம். அன்றுதான் அதில் என் தந்தையார் அமர்ந்திருப்பதைக் கண்டேன்.

2019 ஏப்ரல் முதல், விற்கப்படும் புது இருசக்கர வண்டிகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ்., மற்றவற்றில் இரு பிரேக்கையும் இணைக்கும் ஏற்பாடு கட்டாயமாகிவிட்டது. நல்லதே. ஆனால் தேய்ந்த பேடைக் குனிந்து பார்க்கச் சட்டம் வராது. நாம்தான் குனிய வேண்டும்.

இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிறு டார்ச் விளக்கோடு சக்கரத்தின் அருகே அமர்கிறேன். தந்தையார் திண்ணையிலிருந்து, "பேடு எத்தனை இருக்குது கண்ணு?" என்பார். அளந்து சொல்வேன். எண்ணெய்ப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. இந்த மலர் அச்சாகி வந்ததும் அவர் அருகில் அமர்ந்து இக்கட்டுரையை நானே படித்துக் காட்டப்போகிறேன். பட்டறையில் சொல்லத் தவறிய வாக்கியம் இதில் இருக்கிறது: அப்பா, எண்ணெய் விட்டது நான்தான்.