கூரையிலே ஒரு தாமரைக் குளம்

"இந்த மழையிலா? அதுவும் புதுக்கோட்டைக்கா?" என்று என் கணவர் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகள் கேட்டார். ஐப்பசி மாதக் கடைசி. ரேடியோவில், டெலிவிஷனில், செல்போனில், எங்கே பார்த்தாலும் மழைச் செய்திதான். நல்ல புத்தியுள்ளவர்கள் வீட்டில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிற காலம்.

ஆனால் அதற்கு முதல் வாரம்தான் என் நாத்தனார் மகள் ஐரோப்பாவிலிருந்து படங்கள் அனுப்பியிருந்தாள். குரோவேஷியா என்று ஒரு தேசம். அங்கே பிளிட்விட்சே என்று ஓரிடம். பதினாறு ஏரிகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் படிக்கட்டு வைத்தாற்போல். மேல் ஏரி நிரம்பி அருவியாகக் கீழ் ஏரியில் விழுகிறது. 1949-லிருந்து அது தேசியப் பூங்காவாம். கோடையில் கூட்டம் தாங்காது என்று குளிர் காலத்தில் போயிருக்கிறாள். "அத்தை, ஆளே இல்லை! முழு ஏரியும் எனக்கே!" என்று எழுதியிருந்தாள்.

படங்களைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "இதென்ன பிரமாதம்? எங்க ஊர்ப் பக்கத்திலே கூரையிலேயே குளம் இருக்கு" என்றார்.

மாமியாருக்கு எழுபத்து நாலு வயது. புதுக்கோட்டையில் பிறந்தவர். கலியாணமாகித் திருச்சிக்கு வந்த பிறகு, ஊருக்குக் கலியாணம், கருமாதி என்று போய் வந்தாரே தவிர, சித்தன்னவாசல் பக்கம் போனதே இல்லை. பத்து வயதில் பள்ளிக்கூடத்துப் பெண்களோடு பஸ்ஸில் போய்ப் பார்த்ததோடு சரி. இரண்டு கண்ணிலும் புரை. தை பிறந்ததும் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார்.

"ஆபரேஷன் ஆன பிறகு போகலாமே அத்தை, தெளிவாகத் தெரியுமே" என்றேன்.

"கத்தி வைக்கிற காரியம். இருக்கிற பார்வையிலே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்மா" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் வாதாடியிருக்க மாட்டீர்கள்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். காலையில் புளியோதரை, தயிர் சாதம், இரண்டு குடை, ஒரு பிளாஸ்க் காப்பியோடு டாக்சியில் கிளம்பினோம். புதுக்கோட்டைச் சீமையைச் சித்திரை வெயிலில் பார்த்தவர்கள் அதை வறட்சி மண் என்று முத்திரை குத்திவிடுவார்கள். செம்மண், முள், பாறை, அவ்வளவுதான் என்பார்கள். அவர்களை ஐப்பசியில் ஒருமுறை கூட்டி வரவேண்டும். இது வானம் பார்த்த பூமி. அதனாலேயே அந்தக் காலத்தில் விழுந்த ஒவ்வொரு சொட்டையும் தேக்கிவைக்க ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். மாவட்டம் முழுவதும் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். மேல் கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. நாத்தனார் மகள் விமானம் ஏறிப் போய்ப் பார்த்த ஏற்பாட்டை இங்கே மண்வெட்டியும் கூடையும் கொண்டு மனிதர்களே செய்து வைத்திருக்கிறார்கள்!

வழியில் ஒரு கலிங்கில் தண்ணீர் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது. நாலைந்து பையன்கள் துண்டை விரித்து மீன் பிடித்தார்கள். "என்ன மீன்டா?" என்று மாமியார் வண்டியிலிருந்தபடியே கேட்டார். "கெண்டைக் குஞ்சு, ஆத்தா!" என்று ஒருவன் துண்டைத் தூக்கிக் காட்டினான். அதில் ஒரு தவளையும் இருந்தது.

முதலில் நார்த்தாமலை. பங்குனியில் இங்கே முத்துமாரியம்மன் திருவிழா. அப்போது கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் போனபோது மலையடிவாரத்தில் எங்களைத் தவிர இரண்டு ஆடுகள் இருந்தன. ஒன்பது குன்றுகள் கூட்டமாக நிற்கிற ஊர். மரமில்லாத மொட்டைப் பாறைகள். மழை நனைத்ததில் யானைகள் குளித்துவிட்டுப் படுத்திருப்பது போல் கறுத்துப் பளபளத்தன. மாமியாரை டிரைவர் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு, நான் மட்டும் மேலமலையில் ஏறினேன்.

ஏறுகிற வழியில் ஒரு சுனை. தலையருவிச் சிங்கம் என்று அதற்குப் பெயர். பெயரில் அருவி இருக்கிறதே என்று குற்றாலத்தை நினைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். மேல் பாறையிலிருந்து முழங்கை அகலத்துக்குத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வந்தது. அதை அருவி என்று சொன்னால் குற்றாலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தச் சுனைக்குள் இருப்பது குற்றாலத்தில் இல்லை. தண்ணீருக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு சிவன் கோயில் இருக்கிறது! 1857-ல் ராமச்சந்திரத் தொண்டைமானின் மூத்த ராணி, சுனை நீரை முழுவதும் இறைக்கச் செய்து உள்ளே இருக்கும் லிங்கத்தை வழிபட்டாராம். பக்கத்துப் பாறையில் கல்வெட்டே இருக்கிறது. அத்தனை தண்ணீரையும் எத்தனை பேர், எத்தனை நாள் இறைத்தார்களோ! ராணியைப் பற்றி எழுதிய கல், அவர்களைப் பற்றி எழுதவில்லை. நான் பார்த்தபோது சுனை தளும்பி நின்றது. பச்சைத் தண்ணீரில் மழைத்துளி விழுந்து வட்டம் வட்டமாக விரிந்ததைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தெரியாதது ஒரு குறையாகவும் படவில்லை.

இன்னும் மேலே போனால் விஜயாலய சோழீசுவரம். பெயர் சோழனுடையது. ஆனால் முதலில் கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமாசாரம். வெளியே சதுரச் சுவர், உள்ளே வட்டமான கருவறை. தமிழ்நாட்டில் இப்படி அமைந்த கோயில்கள் மிகக் குறைவு. அவர் கட்டிய கோயில் மழையில் இடிந்துவிட, மல்லன் விடுமன் என்பவர் மறுபடி எடுத்துக் கட்டினார் என்று கல்வெட்டுச் சொல்கிறது. அந்த வரியின் அர்த்தம் எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கியது. அரை மணி நேரத்தில் மேகம் திரண்டு வந்து அப்படி ஒரு மழை கொட்டியது! எதிரே இருக்கிற குடைவரைக்குள் ஓடி ஒதுங்கினேன். பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன அங்கே. அவர்களோடு பதின்மூன்றாவதாக நானும் நின்று, பாறை முழுவதும் தண்ணீர் திரையாக இறங்குவதைப் பார்த்தேன். குற்றாலத்துக்காரர்கள் இப்போது வந்து சிரிக்கட்டுமே!

ஒரு விஷயம் சொல்லவேண்டும். இடி இடித்தால் மொட்டைப் பாறையின் மேல் நிற்காதீர்கள். குடை அங்கே உதவாது, காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ரப்பர் செருப்பு வழுக்கும். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடுதான் இறங்கினேன். சுனை ஓரத்தில் பாசி இருக்கும், குழந்தைகளின் கையை விடவே கூடாது.

சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே முடித்துக்கொண்டு, பிற்பகலில் சித்தன்னவாசல் சேர்ந்தோம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே பதினாறு கிலோமீட்டர் தூரத்தில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் குன்று அது. ஏழடிப்பட்டத்துக்கு அன்று நாங்கள் போகவில்லை. மலையைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் ஓரமாக நடந்து போகவேண்டும். ஈரத்தில் எனக்கே துணிச்சல் வரவில்லை. சமண முனிவர்கள் படுத்த பதினேழு கற்படுக்கைகளும், அவற்றில் ஒன்றில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் எழுத்தும் அங்கே இருக்கின்றன. அவை அடுத்த தடவைக்கு. எங்கள் காரியம் அறிவர் கோயிலில்தான்.

மேற்குச் சரிவில் கொஞ்சம் படியேறினால் போதும். மாமியார் ஒரு கையால் என் தோளையும் மறு கையால் டிரைவர் தம்பியையும் பிடித்துக்கொண்டு, எட்டுப் படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறினார். முன்னால் இருக்கிற தூண்கள் குடுமியான்மலையிலிருந்து பிற்காலத்தில் கொண்டுவந்து நிறுத்தியவை. அதைத் தாண்டினால் பாறையில் குடைந்த சிறு மண்டபம். அதற்குள் ஒரு சதுரமான கருவறை. பின் சுவரில் மூன்று உருவங்கள் தியானத்தில் அமர்ந்திருக்கின்றன. கருவறை நடுவில் நின்று மெல்ல 'ம்' என்று முனகினால் அறை முழுவதும் ரீங்காரமிடுகிறது. காவலாளி செய்து காட்டினார். மாமியாரும் செய்தார். எனக்கு மட்டும் முதல் தடவை வரவில்லை. என் குரலுக்கு மலையும் மசியவில்லை என்று வீட்டில் இன்றுவரை கேலி.

மண்டபத்துக் கூரையில்தான் அந்தக் குளம். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. ஓவியம் மகேந்திர பல்லவன் காலத்தது என்று முன்பு நினைத்தார்கள். 1920-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரெய் இதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். தாமரைக் குளம், அதில் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். நடுவே இறங்கிப் பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். தீர்த்தங்கரர் உபதேசம் கேட்கப் போகிற பக்தர்கள் வழியில் தங்கி மகிழும் குளம் என்பது சமணர்கள் சொல்லும் விளக்கம். எல்லாம் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியவை.

இவ்வளவும் புத்தகத்தில் படித்தது. கண்ணுக்குத் தெரிந்ததோ வேறு. வெளியே மேகம் மூடியிருந்தது, உள்ளே இருட்டு. எனக்கே பச்சையும் வெள்ளையும் கலந்த திட்டுகளாகத்தான் தெரிந்தது. மாமியார் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்தைத் தடவிக்கொண்டார். "மேலே ஏதோ பாசி பிடிச்சிருக்கே" என்றார். எனக்குத் தொண்டையை அடைத்தது. ஓர் உருவத்தைக்கூடக் காண முடியாமல் திரும்பவா இவ்வளவு தூரம் வந்தோம்!

"கொஞ்சம் இருங்கம்மா. கோயில் மேற்கே பார்த்தது. சாயங்காலம் வெயில் அடிச்சா உள்ளே வரும். சீசன்லே வரிசை நிக்கும், இருக்கச் சொல்ல முடியாது. இன்னிக்கு யார் இருக்கா?" என்றார் காவலாளி. அவரை மறக்க மாட்டேன். அவரிடமும் பிளாஸ்க் காப்பியைப் பகிர்ந்துகொண்டு, முன்மண்டபத்தில் உட்கார்ந்தோம். கீழே வயல்களில் நீர் பரந்து கிடந்தது. நடவு நட்ட வயல்கள் போக மிச்சமெல்லாம் கண்ணாடி.

முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். அப்போதுதான் மாமியார் சொன்னார்.

"ஒரு தப்புப் பண்ணியிருக்கேன்மா. யார்கிட்டேயும் சொன்னதில்லை. அந்தத் தூணிலே ஒருத்தி ஆடிக்கிட்டு நிப்பா. டீச்சர் அந்தண்டை போனப்ப என் சிநேகிதி என்னைத் தூக்கிப் பிடிச்சா. அவ கையை நான் விரலாலே தடவிப் பார்த்தேன். விரலெல்லாம் செவப்பா ஒட்டிக்கிச்சு. பாவாடையிலே துடைச்சுட்டேன்."

அறுபத்து நாலு வருஷம்! இந்த அம்மாள் வீட்டில் ஒரு தம்ளர் கீழே விழுந்தால்கூட யார் போட்டது என்று விசாரணைக் கமிஷன் வைப்பவர். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு மேகம் கிழிந்தது. வெயில் சாய்ந்து வந்து மண்டபத்துத் தரையில் விழுந்தது. தரையிலிருந்து அதன் ஒளி கூரைக்கு ஏறியது. சினிமாக் கொட்டகையில் திரை விலகுவது போல் குளம் மெல்ல வெளிப்பட்டது. முதலில் தாமரை இலைகள், பிறகு ஒரு மொட்டு. ஒரு மனிதனின் தோளும் அவன் பிடித்திருந்த தண்டும். "மீன்! அதோ மீன்!" என்று மாமியார் சிறு பெண் போலக் கூவினார். அவருக்கு அது நிஜமாகவே தெரிந்ததா, அந்த இடத்தில் மீன் உண்டு என்ற ஞாபகத்தில் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

பிறகு தூணின் பக்கம் திரும்பினார். "இருக்காளா?"

இருந்தாள். வளைந்த இடுப்பும் வீசிய கையின் கோடும் இருந்தன. ஆனால் பல இடங்களில் வண்ணம் உதிர்ந்து வெறும் கல் தெரிந்தது. "கை இருக்கிறது அத்தை" என்றேன்.

"ஆயிரம் வருஷமா எத்தனை மழை, எத்தனை புகை, எத்தனை பேர் கை. நீங்க தொட்டதாலேயா போச்சு, ஆத்தா?" என்றார் காவலாளி. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது!

மாமியார் பதில் சொல்லவில்லை. கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தூணுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று, வெயில் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி மேகம் மூடியது. இறங்கினோம்.

நீங்கள் போவதானால் ஐப்பசி கார்த்திகையில் போங்கள். மழை விட்ட நாளாகப் பார்த்து, நார்த்தாமலையைக் காலையிலும் சித்தன்னவாசலை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். புயல் அறிவிப்பு இருந்தால் மட்டும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அந்த ஜில்லாவின் தென்னைகளைச் சாய்த்த கதையை வழியெல்லாம் இன்னும் சொல்கிறார்கள்.

திரும்பும்போது அந்தக் கலிங்கருகே வண்டியை நிறுத்தச் சொன்னார் மாமியார். இருட்டிவிட்டது. பையன்கள் போய்விட்டார்கள். தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஐந்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தையிலே ஆபரேஷன் ஆனா, மாசியிலே கண்மாய் வத்திடாதே?" என்று கேட்டார். "மாசியிலும் கொஞ்சம் இருக்கும் ஆத்தா" என்றார் டிரைவர் தம்பி.