கடிதம் இருக்கு, வீட்டைக் காணோம்

ஒரு இளவரசரோட வீடு தொலைஞ்சு போகுமா? வேல்ஸ்ல போயிருக்கு. அதுவும் ஒரு குட்டி கிராமத்துக்குள்ளேயே!

ஊர் பேரு அபெர்க்வின்கிரெகின். (ரெண்டு தடவை சொன்னா தண்ணி குடிக்கணும்.) வேல்ஸின் வடக்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில். பின்னாடி அருவி, முன்னாடி கடல் வத்தினா தெரியற பெரிய மணல்வெளி. அதைத் தாண்டினா ஆங்கில்சீ தீவு. 13ஆம் நூற்றாண்டில் க்வினெத் இளவரசர்கள் பரிவாரத்தோட இங்கே வந்து தங்குவாங்க.

அதில் ஒருத்தர் லுவெலின் அப் கிரிஃபித். 1282 ஜூன்ல அவர் மனைவி எலனோர் இங்கேதான் பிரசவத்துல இறந்தாங்க. பொண்ணு பேரு க்வென்லியன். நவம்பர்ல ஒரு பேரம், கான்டர்பரி ஆர்ச்பிஷப் பெக்கம் மூலமா: மலைநாட்டை எட்வர்ட் ராஜாவுக்கு விட்டுடு, இங்கிலாந்தில் வருஷம் 1000 பவுண்டு வருமானம் வர்ற நிலம் தர்றோம். முடியாதுன்னுட்டார். நவம்பர் 11 தேதியிட்ட அந்தப் பதிலில் எழுதின இடம் 'கார்த் கெலின்' என்று இருக்கிறது. சரியா ஒரு மாசம், டிசம்பர் 11, கில்மெரி பக்கம் அவரைக் கொன்னுட்டாங்க. கைக்குழந்தை லிங்கன்ஷயர்ல ஒரு கன்னிமாடத்துக்குப் போச்சு. 1337ல் சாகும்வரை அங்கேதான்.

சரி, வீடு எங்கே? ஒரு கட்சி, ஆத்துக்குக் கிழக்கே மேட்டில் இருக்கிற பென்-அ-பிரின் என்ற பழைய வீடுதான் கார்த் கெலின் என்கிறது. இன்னொரு கட்சி, ஊருக்குள்ளே 'மூட்' என்கிற மண்மேட்டைக் காட்டுது. 1993ல் அது பக்கத்தில் தோண்டினப்ப பெரிய கூடம் ஒண்ணோட அஸ்திவாரம் கிடைச்சது. ரெண்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். நான் ராத்திரியெல்லாம் மேப்பை வெச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் பாக்கறேன். "அங்க நிலம் வாங்கப் போறீங்களா?"ன்னு வீட்ல கேக்கறாங்க :-)

எனக்கு மண்மேட்டுப் பக்கம்தான் சாய்வு. ஆனா பென்-அ-பிரின்காரங்க பிடிவாதமும் புரியுது. பக்கத்துலயே எட்வர்ட் 1283ல் கட்ட ஆரம்பிச்ச கான்வி கோட்டை, எட்டு கோபுரத்தோட ஜம்முன்னு நிக்குது. உலகப் பாரம்பரியச் சின்னம் வேற. ஜெயிச்சவன் வீட்டுக்கு வழி கேக்கவே வேண்டாம். தோத்தவனுக்கு நாலு சுவராவது நிக்கணும்னு மனசு ஆசைப்படாதா?

அந்த அஸ்திவாரத்தை மறுபடி மண் போட்டு மூடிட்டாங்க. இன்னும் கொஞ்சம் அகலமா தோண்டுங்கப்பா!