கரண்ட் பிடிக்கிற நாட்களில் சீந்தில் குடிநீர்



பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கமிருந்து மஹரகமைக்குப் போய் வருகிற குடும்பங்களை நாம் எல்லாரும் அறிவோம். வீட்டில் ஒருவருக்குக் 'கரண்ட் பிடிக்க' வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், அன்றிரவே வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்துவிடும். சீந்தில், வல்லாரை, துளசி, கருஞ்சீரகம் எல்லாம் கதிர்வீச்சிலிருந்து எதிர்ப்புச் சக்தியைக் காப்பாற்றுமாம், விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்களாம். உம்மாமார் உடனே அடுப்பில் சட்டியை வைத்துவிடுவார்கள். அந்தச் செய்தி முழுப் பொய் என்றால் ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். கதிர்வீச்சு உடம்பில் பட்டால் கலங்களுக்குள் இருக்கிற தண்ணீரை உடைக்கிறது. அப்போது உண்டாகும் சுயாதீன மூலிகங்கள் (மூலிகம், மூலிகை அல்ல, வகுப்பிலும் பிள்ளைகள் இரண்டையும் குழப்புவார்கள்) டி.என்.ஏ.யைத் தாக்குகின்றன. எல்லாக் கலங்களும் ஒரே அளவு தாங்காது. முதலில் சாகிறவற்றில் நம் எதிர்ப்புச் சக்தியின் முக்கிய காவலாளிகளான நிணநீர்க்குழியங்களும் உண்டு. 1986இல் செர்னோபில் விபத்தில் அகப்பட்டவர்களுக்கு எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று வைத்தியர்கள் கணித்த வழிகளில் ஒன்று, அவர்களுடைய இரத்தத்தில் இந்தக் குழியங்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று பார்த்ததுதான்.

இந்தியாவில் மணிப்பாலில் உமா தேவியும் அவரோடு வேலை செய்தவர்களும் துளசி இலையிலிருந்து ஓரியன்டின், விசெனின் என்ற இரண்டு பொருட்களைப் பிரித்தெடுத்தார்கள். கதிர்வீச்சுக்கு முன்னர் அவை ஏற்றப்பட்ட சுண்டெலிகள் கூடுதலாகப் பிழைத்தன. ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்த மனித நிணநீர்க்குழியங்களிலும் நிறமூர்த்தச் சேதம் குறைந்தது. அது 2001இல் வெளிவந்தது. டெல்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழுள்ள இன்மாஸ் நிறுவனம் சீந்திலையும் வல்லாரையையும் சோதித்தது. கருஞ்சீரக எண்ணெய் பற்றி எலிகளில் நடந்த துருக்கிய ஆய்வொன்று 2006இல் வந்தது; அதிலும் நிணநீர்க்குழியங்களுக்கு நன்மை தெரிந்தது. நம் வேலியோரத்துச் செடிகள் இவ்வளவு கவனத்தைப் பெற்றிருப்பது நமக்குப் பெருமைதான்.

ஆனால் துளசி ஆய்வில் மருந்து ஏற்றப்பட்டது ஊசியால், அளந்து, கதிர்வீச்சுக்குச் சற்று முன்னர். இன்மாஸ் போன்ற நிறுவனங்கள் தேடுவது அணு விபத்தில் அகப்படும் சிப்பாயையும் மீட்புப் பணியாளரையும் காப்பாற்றும் மருந்தை. அவருடைய உடம்பில் காப்பாற்றக் கூடாத கலம் எதுவும் இல்லை.

நம் காக்காவுக்கோ வாயில் கட்டி இருக்கிறது. அவருக்கு ஒரு நாளைக்கு 2 கிரே, கிழமைக்கு 5 நாள், 6, 7 கிழமை என்று மொத்தம் 60 முதல் 70 கிரே வரை கொடுக்கிறார்கள். அந்தக் கட்டியைக் கொல்வதும் அதே சுயாதீன மூலிகங்கள்தான். அவற்றை அடக்குகிற ஒன்றை நாம் தினமும் குடிக்கக் கொடுத்தால், அது நல்ல கலத்தை மட்டும் பார்த்துக் காக்கும் என்று யார் பொறுப்புச் சொல்வது?

இது வெறும் பயமல்ல. கனடாவின் கியூபெக்கில் கதிர்ச் சிகிச்சை பெற்ற 540 தலை, கழுத்துப் புற்றுநோயாளரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு விற்றமின் ஈயும் பீற்றா கரோட்டினும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2005இல் முடிவு வந்தது. விற்றமின் எடுத்தவர்களுக்குச் சிகிச்சையின் கடும் பக்கவிளைவுகள் குறைந்தன. ஆனால் நோய் திரும்பி வருவது அவர்களிடம் கூடுதலாக இருக்கலாம் என்ற அறிகுறியும் சேர்ந்தே வந்தது. பின்னர் பிரித்துப் பார்த்தபோது, சிகிச்சைக் காலத்திலும் புகைத்தவர்களிடம்தான் அந்தத் தீங்கு தெரிந்தது. நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை.

சீந்திலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொவிட் காலத்தில் அதைத் தொடர்ந்து குடித்து ஈரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். அது வேறு இனச் சீந்திலாக இருக்கலாம் என்று இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. அடுத்த வருடம் இந்தியாவின் பல வைத்தியசாலைகள் சேர்ந்து இன்னும் 43 பேரைப் பதிவு செய்தன. கீமோவும் சேர்ந்து நடக்கிறவருடைய ஈரலுக்கு இந்தச் சுமை தேவையா?

கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸை அறியாத வீடு நம் ஊரில் இல்லை. அந்த நம்பிக்கையில் நாம் கை வைக்கவில்லை. கறியில் போடுகிற கருஞ்சீரகமும் சோற்றோடு தின்கிற வல்லாரைச் சம்பலும் சாப்பாடு. போத்தல் கணக்கில் எண்ணெயும் நாள் தவறாமல் காய்ச்சிய குடிநீரும் மருந்து. மருந்து என்றால் வைத்தியருக்குத் தெரிய வேண்டும்.

தெரியாமல் போவது எங்கே என்றால், கிளினிக்கில் "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கேட்கும்போது நம் ஆட்கள் "இல்லை" என்று விடுவதில்தான். பொய் சொல்லவில்லை, குடிநீரை அவர்கள் மருந்தாகவே எண்ணுவதில்லை. மஹரகமையில் பாஷையும் குறுக்கே நிற்கிறது. கூடப் போகிறவர்கள் குடிக்கிறவற்றின் பெயரை ஒரு துண்டில் எழுதி, வீட்டில் இருக்கிற போத்தலையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சிங்களத்தில் சீந்திலுக்கு ரசகிந்த, வல்லாரைக்குக் கொட்டுகொல, துளசிக்கு மதுருதலா, கருஞ்சீரகத்துக்குக் களுதுரு, மஞ்சளுக்குக் கஹ என்று சொல்வார்கள். சிகிச்சை முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னால் நிறுத்துங்கள். இடையில் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக் காத்திருக்காமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.